கால்பந்து வர்ணனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ரசிகர்கள் எங்கே பொறுமை இழக்கிறார்கள்?

2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், கத்தாருக்கும் ஈக்வடாருக்கும். மூன்றாவது நிமிடத்திலேயே என்னர் வலென்சியா தலையால் முட்டி கோல் போட்டுவிட்டார். கொண்டாடியும் முடித்துவிட்டார்கள். அப்புறம் பார்த்தால் ஆஃப்சைடு என்று கோல் ரத்து. டிவி பார்த்துக்கொண்டிருந்த பலருக்கு ஒன்றுமே புரியவில்லை. அந்தக் கோலுக்கான தாக்குதலில் பந்தை வாங்கிய ஈக்வடாரின் எஸ்ட்ராடாவுக்குப் பின்னால், கோல் கோட்டுக்கு அருகே, கத்தார் வீரர் ஒருவர் நிற்பது தெளிவாகத் தெரிகிறதே, பிறகு எப்படி ஆஃப்சைடு? போட்டியை நடத்தும் நாட்டுக்காக ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது என்றுகூடப் பேச்சு கிளம்பியது.

விதி இதுதான்: சக வீரர் பந்தைத் தொடும் நொடியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் கோட்டுக்கு அருகில் இருந்தால் அது ஆஃப்சைடு இடம். வழக்கமாகக் கடைசி ஆள் கோல்கீப்பராகத்தான் இருப்பார். அதனால் 'கடைசி டிஃபெண்டரைத் தாண்டினால் ஆஃப்சைடு' என்று சுருக்கிச் சொல்லியே எல்லோரும் பழகிவிட்டோம். அன்று கத்தார் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்க முன்னால் வந்துவிட்டார். ஆக, பின்னால் நின்ற அந்த ஒருவர்தான் கடைசி ஆள். அவருக்கு அடுத்து இருந்தவரைத் தாண்டி எஸ்ட்ராடாவின் கால் நீண்டிருந்தது. ரத்து செய்தது சரி.

இவ்வளவையும் சொல்ல இருபது விநாடி போதும். வர்ணனையாளருக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த இருபது விநாடிக்குத்தான் என்பேன். மற்ற நேரத்தில் நடப்பதை நாமே பார்த்துக்கொள்கிறோம்.

ரசிகர்கள் வர்ணனையாளரின் எல்லாத் தவறுக்கும் எரிச்சல்படுவதில்லை. நாக்குப் பிறழ்வது வேறு. பிரிட்டனில் பிரைவேட் ஐ என்ற நையாண்டிப் பத்திரிகை, விளையாட்டு வர்ணனை உளறல்களுக்கென்றே ஒரு பகுதி நடத்தியது. பிபிசியின் டேவிட் கோல்மன் பெயரை வைத்து அதற்கு 'கோல்மன்பால்ஸ்' என்று பெயர். அதைப் படித்தவர்கள் சிரித்தார்கள், கோல்மனும் பல்லாண்டு வர்ணனை செய்தார். தொண்ணூறு நிமிடம் நிற்காமல் பேசுகிறவருக்கு வார்த்தை தடுமாறத்தான் செய்யும். ஆட்டத்தின் விதியே தெரியாமல், தெரிந்த மாதிரி அடித்துப் பேசுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதில் முதலிடம் 'கடைசி ஆள், அதனால் ரெட் கார்டு' என்பதற்கு. சிவப்பு அட்டைக்கான விதியில் ஃபவுல் செய்தவர் கடைசி ஆளா என்ற பேச்சே கிடையாது. தெளிவான கோல் வாய்ப்பைத் தடுத்தாரா என்பதுதான் கேள்வி. அதற்கு ரெஃப்ரி நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, தாக்குகிறவருக்குப் பந்து வசப்படுமா, மற்ற டிஃபெண்டர்கள் எங்கே எத்தனை பேர். பக்கவாட்டுக் கோட்டோரம் மூலைக் கொடியை நோக்கி ஓடுகிறவரைக் கடைசி ஆள் தள்ளிவிட்டால் மஞ்சள் அட்டையோடு போய்விடலாம். பக்கத்தில் இன்னொரு டிஃபெண்டர் இருந்தும், அவரால் எட்டிப் பிடிக்க முடியாது என்றால் சிவப்பு வரலாம். இதில் 2016-இல் வந்த மாற்றத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பெனால்டி பெட்டிக்குள் பந்தை ஆட உண்மையாக முயன்று ஃபவுல் ஆனால், பெனால்டி கொடுத்து மஞ்சள் அட்டை மட்டும்தான். இழுத்தாலோ, தள்ளினாலோ, பந்துக்கே போகாமல் ஆளைச் சாய்த்தாலோ பழையபடி சிவப்பு. இது தெரியாத வர்ணனையாளர், ரெஃப்ரி சிவப்பு அட்டையை எடுக்கத் தயங்குகிறார் என்று ஐந்து நிமிடம் புலம்புவார். கேட்கிற சின்னப் பையன் அதையே விதி என்று நினைத்துக்கொள்வான்.

அடுத்தது 'பந்தைத்தான் முதலில் தொட்டார், எப்படி ஃபவுல்?' ரீப்ளேயை நான்கு முறை போட்டு நான்கு முறையும் இதையே சொல்வார்கள். பந்தைத் தொட்டுவிட்டால் மன்னிப்பு என்று எங்கும் இல்லை. கவனக்குறைவாகவோ, அபாயம் பாராமலோ, மிதமிஞ்சிய பலத்தோடோ மோதினாரா என்றுதான் விதி கேட்கிறது. பூட்ஸின் ஆணி முனை எதிராளியின் கணுக்காலில் ஏறி நிற்கும்போது, அதற்கு முன் விரல் நுனியில் பந்து பட்டதா என்பது முக்கியமே இல்லை.

த்ரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேரடியாகப் பந்து வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. பெனால்டி ஷூட்அவுட்டில் முடிந்த ஆட்டம் கணக்கில் டிராதான். இவற்றைக்கூடத் தவறவிடுகிறவர்கள் உண்டு. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, படித்துவிட்டு வர வேண்டியதுதான்.

விதி தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது: கேமராவை நம்புவது. டிவியின் பிரதான கேமரா மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே, உயரத்தில் இருக்கிறது. அது பெனால்டி பெட்டிப் பக்கம் நடப்பதைச் சாய்வாகத்தான் காட்டும். ஒரே கோட்டில் நிற்கும் இருவரில் ஒருவர் முன்னால் இருப்பதாகத் தோன்றும். துணை நடுவர் கோட்டுக்கு நேராக நின்று பார்க்கிறார். அவருக்கு எதிராக அடித்துச் சொல்லும் முன் ரீப்ளே வரும்வரை பொறுப்பது நல்லது. 2011 ஜனவரி 22 அன்று உல்வ்ஸ், லிவர்பூல் ஆட்டத்துக்கு முன், வர்ணனையாளர் ஆண்டி கிரேயும் தொகுப்பாளர் ரிச்சர்ட் கீஸும், துணை நடுவர் சியான் மாசி பெண் என்பதால் அவருக்கு ஆஃப்சைடு தெரியாது என்று ஒளிபரப்பில் இல்லாத நேரத்தில் கிண்டலடித்தார்கள். அந்த ஆட்டத்தில் டோரஸ் போட்ட கோலுக்கு முன் மெய்ரெலஸ் ஓடியது ஆஃப்சைடா இல்லையா என்று மயிரிழைச் சிக்கல். மாசி கொடியைத் தூக்கவில்லை. ரீப்ளேயில் அவர் செய்தது சரி என்று தெரிந்தது. பேச்சின் பதிவு வெளியே கசிந்தது. சில நாளில் கிரேயின் வேலை போனது, கீஸ் ராஜினாமா செய்தார்.

2022-இல் ஜப்பான் ஸ்பெயினுக்கு எதிராகப் போட்ட இரண்டாவது கோலும் அப்படித்தான். மிட்டோமா பந்தை உள்ளே தள்ளும் முன் அது கோட்டைத் தாண்டிவிட்டதாகப் பக்கவாட்டுப் படத்தில் பச்சையாகத் தெரிந்தது. நேர் மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் ஓர் ஓரம் இன்னும் கோட்டின் மேலேயே இருந்தது. பந்து முழுசாகத் தாண்டினால்தான் வெளியே. இந்த ஒரு வரியைச் சொல்லி, மேலிருந்து எடுத்த படம் வரும்வரை காத்திருங்கள் என்றிருந்தால் யாருக்கும் நெஞ்சு பதைத்திருக்காது. ஜெர்மனி ரசிகர்களைத் தவிர. அதே பிரிவில் ஆடிய அவர்கள் அணி அந்த கோலால்தான் வெளியேறியது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இப்போது பல ஆட்டங்களுக்கு வர்ணனையாளர் மைதானத்துக்கே போவதில்லை. வேறு ஊரில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, நாம் பார்க்கிற அதே திரையைப் பார்த்துப் பேசுகிறார். திரைக்கு வெளியே யார் கீழே கிடக்கிறார், யார் வார்ம்-அப் செய்கிறார் என்று அவருக்கும் தெரியாது. தெரியாததை ஊகித்து நிரப்பும்போதுதான் தப்பு வருகிறது.

பெயர்களைப் பொறுத்தவரை கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். போலந்து கோல்கீப்பர் ஷ்சென்ஸ்னியின் பெயரை ஒரே மூச்சில் சொல்வது யாருக்கும் சிரமம்தான். ஆனால் ஆளையே மாற்றிச் சொன்னால் ஆட்டமே புரியாது. 2022-இல் போர்ச்சுகலை எதிர்த்து ஆடிய தென்கொரிய அணியில் கோல்கீப்பர் கிம் சுங்-கியூ, கொரியாவின் முதல் கோலைப் போட்டவர் கிம் யங்-குவோன், இரண்டு பக்கமும் ஓடிய டிஃபெண்டர்களும் கிம்தான். 'கிம்மிடமிருந்து கிம்முக்கு' என்று சொன்னால் என்ன பயன்? கொரியப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும் என்று தெரிந்தவர் முழுப் பெயரையும் சொல்லிவிடுவார்.

பெயரைவிட நுட்பமான, மோசமான தவறு ஒன்றும் உண்டு. 2020-இல் இங்கிலாந்து வீரர்கள் சங்கத்தோடு சேர்ந்து ரன்ரிபீட் என்ற நிறுவனம், ஐரோப்பிய லீக்குகளின் 80 ஆட்டங்களின் ஆங்கில வர்ணனையை ஆராய்ந்தது. வெளிர் நிற வீரர்களைப் புகழும்போது புத்தி, உழைப்பு என்று பேசுகிறார்கள், கருநிற வீரர்கள் என்றால் வேகம், பலம் என்றே பேசுகிறார்கள் என்று தெரியவந்தது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, வாயில் பழகிய சொல் வந்துவிடுகிறது. அதனால்தான் அடுத்த முறை ஒரு கறுப்பின மிட்ஃபீல்டர் மூன்று பேரைப் பார்த்துப் பந்தைப் பிரித்துக் கொடுக்கும்போது அவர் கண் எங்கே போனது என்று சொல்வது அவசியமாகிறது.

தமிழில் கால்பந்து வர்ணனை கேட்கும் வாய்ப்பு இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வந்த பிறகு கூடியிருக்கிறது. அதில் எனக்குள்ள குறை, கிரிக்கெட் பழக்கம் அப்படியே வந்துவிட்டது என்பதுதான். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் நடுவே கதை சொல்ல நேரம் இருக்கிறது. கால்பந்தில் இல்லை. சினிமா வசனத்தை இழுத்துச் சொல்லி முடிப்பதற்குள் பந்து மறுபக்கப் பெட்டிக்குள் போய்விடுகிறது. பஞ்ச் டயலாக் வேண்டாம் என்று சொல்லவில்லை. பந்து வெளியே போன பிறகு சொல்லுங்கள்.

பேச்சே வேண்டாம், மியூட் போட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒரு பழைய சோதனை நினைவுக்கு வரலாம். 1980 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் என்பிசி டிவி, மியாமியில் நடந்த ஜெட்ஸ், டால்ஃபின்ஸ் ஆட்டத்தை வர்ணனையாளரே இல்லாமல் ஒளிபரப்பியது. அது அவர்கள் ஊர்க் கால்பந்து, கையில் பிடித்து ஓடும் ஆட்டம். வர்ணனைக்குப் பதிலாகத் திரையில் கூடுதல் எழுத்துகள், மைதானத்து ஒலிபெருக்கி அறிவிப்பு, கூட்டத்தின் சத்தம். என்பிசி அதை மறுபடி செய்யவில்லை.

கடைசியாக, திருத்திக்கொள்ளும் விதம். பெனால்டியே இல்லை என்று அடித்துச் சொன்னவர், ரெஃப்ரி திரையைப் பார்த்துவிட்டு வந்து பெனால்டி கொடுத்ததும் 'சந்தேகமே இல்லை, தெளிவான பெனால்டி' என்பார். அரை நிமிடத்துக்கு முன் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பு. இன்றைக்கு ரசிகர் கையில் போன் இருக்கிறது, ரீவைண்ட் இருக்கிறது, அந்த அரை நிமிடத்தை வெட்டி நண்பர்களுக்கு அனுப்ப ஒரு பொத்தானும் இருக்கிறது. 'நான் பார்த்த கோணத்தில் கை படவில்லை, இப்போது தெரிகிறது, என் தப்பு' என்று சொல்லிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்ப ஐந்து விநாடி ஆகாது.