முட்டையைப் பதமாக வேகவைக்கும் முறை

முட்டை அவிப்பதற்கும் ஒரு முறை வேண்டுமா என்று பலர் நினைக்கிறார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் பாத்திரத்தில் தண்ணீரையும் முட்டையையும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, வெங்காயம் நறுக்கி, குழம்பைத் தாளித்து முடிக்கும் வரை அதைக் கொதிக்கவிடுகிறோம். அப்படி 20, 25 நிமிடம் கொதித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பரைப்போல் இழுபடுகிறது. மஞ்சள்கரு மாவாக உதிர்ந்து தொண்டையை அடைக்கிறது. அதைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சை வளையம் படர்ந்து, வெட்டியவுடன் ஒரு வாடையும் எழுகிறது. குழந்தைகள் முட்டையை ஒதுக்குவதற்குப் பல வீடுகளில் அந்த வாடையே காரணமாக இருக்கிறது. இவை முட்டையின் குறைகள் அல்ல. நேரம் பார்க்காமல் கொதிக்கவிட்டதாலும், வெந்த பின் உடனே குளிரவைக்காததாலும் நேர்பவை.

உரிப்பதில் வரும் தொல்லை முட்டையின் வயதைப் பொறுத்தது. அன்று இட்ட முட்டையில் வெள்ளைக்கரு ஓட்டின் உட்புறச் சவ்வோடு இறுக ஒட்டிக்கொள்வதால், உரிக்கும்போது ஓட்டுடன் சேர்ந்து பிய்ந்து வரும். நாளாக நாளாக ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது. அதனால் அந்தப் பிடிப்பும் தளர்கிறது. கடையில் வாங்கும் முட்டை நம் கைக்கு வருவதற்குள் சில நாட்கள் ஆகியிருக்கும் என்பதால் பெரும்பாலும் சிக்கல் வராது. நாமக்கல் பக்கம் பண்ணையிலேயே வாங்குபவர்களும், வீட்டில் கோழி வளர்ப்பவர்களும் முட்டையை ஒரு வாரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து அவிப்பது நல்லது. பழையதோ என்று ஐயம் எழுந்தால் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். படுத்துக் கிடப்பது புதியது, நிமிர்ந்து நிற்பது சில நாள் ஆனது, மிதப்பதை எறிந்துவிடுவதே மேல்.

பெட்டியிலிருந்து எடுத்த முட்டைகளை 20 நிமிடம் வெளியே வைத்துக் குளிர்ச்சியைப் போக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் சூடு பட்டதும் ஓடு விரிசல் விடும். அழுக்கு இருந்தால் அவிப்பதற்குச் சற்று முன்பு கழுவினால் போதும். வாங்கி வந்தவுடன் கழுவி அடுக்கினால் ஓட்டின் மீதுள்ள இயற்கையான பூச்சு போய்விடும். பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்கக் கூடாது.

இனி அடுப்புக்கு வருவோம். முட்டைகள் ஒரே அடுக்காக அமர்ந்து, அவற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை உயரம் நிற்கும் அளவுக்குத் தண்ணீரை எடுத்து, அதை முதலில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். கொதித்த பிறகே முட்டைகளைக் கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக மெல்ல இறக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு ஏற்றும் வழக்கத்தை விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெல்ல மெல்லச் சூடேறும்போது வெள்ளைக்கரு சவ்வோடு ஒட்டியபடியே இறுகுகிறது. கொதிநீரில் இறங்கிய முட்டையிலோ அதன் வெளிப்புறம் சட்டென இறுகிச் சவ்விலிருந்து விலகி நிற்கிறது. நேரக் கணக்கும் இம்முறையில்தான் சரியாக அமையும், ஏனெனில் தண்ணீர் கொதிக்க எடுக்கும் நேரம் அடுப்புக்கு அடுப்பு, பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும்.

முட்டைகளை இறக்கியதும் தீயைக் குறைத்து, கொதி அடங்கிவிடாமலும் முட்டைகள் ஒன்றோடொன்று மோதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தீயைக் கூட்டுவதால் கொதிக்கும் தண்ணீரின் சூடு கூடுவதில்லை, எரிவாயுதான் வீணாகும். 50 முதல் 55 கிராம் எடையுள்ள சாதாரண முட்டைக்கு 11 நிமிடம் போதும். 7 நிமிடத்தில் எடுத்தால் மஞ்சள்கரு குழைவாக இருக்கும். காடை முட்டைக்கு 4 நிமிடம் போதும். வாத்து முட்டை பெரிது என்பதால் 14 நிமிடமாவது வேண்டும். உதகை போன்ற மலையூர்களில் தண்ணீர் 100 பாகைக்கு வெகுவாகக் கீழேயே கொதித்துவிடுவதால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீரில் உப்புப் போட்டால் ஓடு எளிதாக உரியும் என்று சொல்வதுண்டு. உரிப்பதற்கு அது பெரிதாக உதவுவதில்லை. ஆனால் விரிசல் வழியே கசியும் வெள்ளைக்கருவை விரைவில் உறையச் செய்யும் என்பதால் ஒரு கரண்டி உப்புப் போடுவதில் பயன் உண்டு.

என் விருப்பம் இட்லிப் பானைதான். அடியில் தண்ணீர் கொதித்து ஆவி நன்றாக மேலே வந்த பிறகு, துணி விரிக்காத இட்லித் தட்டின் குழிகளில் முட்டைகளை வைத்து மூடி 12 நிமிடம் அவித்தால், குழிக்கு ஒன்றாக அவை அசையாமல் இருப்பதால் ஓடு உடைவது அரிது. தண்ணீரும் எரிவாயுவும் குறைவாகவே செலவாகும். குக்கரில் விசில் கணக்கில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதில் நேரம் நம் கைக்குள் நிற்பதில்லை. மைக்ரோவேவ் அடுப்பில் ஓட்டுடன் முட்டையை ஒருபோதும் வைக்கக் கூடாது. உள்ளே ஆவி அடைபட்டு வெடித்துவிடும்.

நேரம் முடிந்த உடனே சுடுநீரை வடித்து, குளிர்ந்த நீரில் முட்டைகளைப் போட வேண்டும். அடுப்பை அணைத்தாலும் முட்டைக்குள் இருக்கும் சூடு அதை மேலும் வேகவைத்துக்கொண்டே இருக்கும். அதிகச் சூட்டில் வெள்ளைக்கருவிலுள்ள கந்தகம் வாயுவாக மாறி உள்நோக்கிச் சென்று, மஞ்சள்கருவிலுள்ள இரும்புடன் சேர்வதால்தான் அந்தப் பச்சை வளையம் உண்டாகிறது. அது உடலுக்குக் கெடுதல் இல்லை என்றாலும் சுவையையும் தோற்றத்தையும் கெடுத்துவிடுகிறது. கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே சுடும் என்பதால், மண்பானைத் தண்ணீரோ பனிக்கட்டி போட்ட தண்ணீரோ முன்னதாகவே எடுத்து வைத்திருக்க வேண்டும். 10 நிமிடம் ஊறிய பின், ஓட்டைச் சுற்றிலும் தட்டி, காற்றறை இருக்கும் அகன்ற முனையிலிருந்து தண்ணீருக்குள் வைத்தே உரித்தால் சவ்வோடு சேர்ந்து கழன்று வரும்.

குழம்புக்கோ பிரியாணிக்கோ என்றால் 9 நிமிடத்திலேயே எடுத்துவிடலாம், மறுபடியும் அது சூட்டில் கிடக்கப்போகிறது. குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு, முட்டையின் மேல் கத்தியால் லேசாக நான்கு கீறல்கள் இட்டுச் சேர்த்து, 5 நிமிடம் சிறுதீயில் வைத்து இறக்கினால் மசாலா உள்ளே இறங்கும். முட்டையும் மென்மையாகவே இருக்கும். அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல், ஓட்டுடனேயே குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் உண்டுவிட வேண்டும். பச்சை முட்டையோடு கலந்துவிட்டால் தரையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள்: அவித்தது நிலையாகச் சுழலும், பச்சை முட்டை தள்ளாடும்.