மரத்தூள் குழாயில் மின்னதிர்ச்சி: என் அனுபவம்

பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் நான் பராமரிப்பு வேலை பார்க்கும் மரச்சாமான் தொழிற்சாலையில், மரத்தூள் உறிஞ்சும் குழாயைத் தொட்டவர்களுக்கெல்லாம் நான்கு நாள்களாகச் சுரீரென்று மின்னதிர்ச்சி அடித்தது. காற்றில் மிதக்கும் நுண்ணிய மரத்தூள் ஒரு பொறியிலேயே வெடிக்கக்கூடும் என்பதால் இயந்திரத்தை உடனே நிறுத்தச் சொன்னேன். மோட்டாரில் மின்கசிவு இல்லை. உறிஞ்சியின் எர்த் கம்பியை மாற்றியும் பயனில்லை.

இரும்புக் குழாய்களுக்கு இடையிலுள்ள வளையும் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றியபோதுதான் காரணம் தெரிந்தது: அதில் சுருளாக ஓடும் கம்பியின் முனை பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே நின்றுவிட்டதால் இரும்பைத் தொடவே இல்லை. மரத்தூள் உரசி உண்டாகும் நிலைமின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் குழாயிலேயே தேங்கியது. பிடிப்பு வளையமும் வண்ணப்பூச்சின் மேல்தான் அமர்ந்திருந்தது; வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் இறுக்கமாகவே தெரியும். உறையைச் சீவி, வண்ணத்தைச் சுரண்டி, கம்பியின் இரு முனைகளையும் இரும்போடு திருகியபின் எர்த் வரையிலான மின்தடையை அளந்தேன். 10 ஓமுக்கும் கீழே இருந்தது; அதாவது, நிலைமின்சாரம் இனி எளிதாக எர்த்துக்குப் போய்விடும். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.