மக்காச்சோளம் காய்ந்ததா? உப்பைக் கேளுங்கள்

மூட்டை பிடிக்கும் முன், நன்கு உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மக்காச்சோளமும் மூன்று ஸ்பூன் தூள் உப்பும் போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலின் உட்புறம் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். இன்னும் காய வேண்டும்.

உப்பு ஈரத்தை இழுப்பதால்தான் கண்ணாடியில் ஒட்டுகிறது. அந்த ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும், எடையும் விலையும் போகும். அதில் வரும் அஃப்ளடாக்சின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது, கோழித் தீவனத்துக்கும் ஆகாது.

சேலம் மாவட்டத்து ஆத்தூர், தலைவாசல் வெயிலில் இந்தச் சோதனை சரியாக வரும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் உப்பே நமுத்துவிடும். அங்கே உப்பை வாணலியில் வறுத்து ஆறவைத்துப் போடுங்கள். விதைக்கு வைப்பதென்றால் இது போதாது. 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதா என்று ஈரமானியில்தான் பார்க்க வேண்டும்.