இனிப்பு தின்றால் பூச்சி வராது, வேறு எதனால் வருகிறது?

பிள்ளை ராத்திரியில் பல்லை நறநறவென்று கடித்தால் போதும், "இனிப்பைத் தின்னு தின்னு வயித்துல பூச்சி" என்று வீட்டில் தீர்ப்பு வந்துவிடும். இனிப்புக்கும் குடற்புழுவுக்கும் சம்பந்தமே இல்லை. மலத்தில் வரும் புழு முட்டை மண்ணில் கலந்து, நகம், கீரை, தண்ணீர் வழியாக வாய்க்குப் போகிறது. கொக்கிப்புழுவுக்கு வாய் கூடத் தேவையில்லை, பாதத்துத் தோலைத் துளைத்தே ஏறிவிடும். நடவு வயலில் செருப்பு போட முடியாது, சரி. கொல்லைக்கும் படுகைக்கும் போகும்போது போடலாமே. பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைப் பையிலேயே வைத்துத் திரும்பக் கொண்டுவர விடாதீர்கள்.

வாய்க்காலில் அலசிக் கட்டிய கீரை பளிச்சென்றுதான் இருக்கும். அதை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும் என்பது வீண் நம்பிக்கை, உருளைப்புழு முட்டையின் ஓடு அதற்கெல்லாம் அசையாது. கட்டைப் பிரித்து, குழாயைத் திறந்துவிட்டு இரண்டு மூன்று தரம் அலசி, நன்றாக வேகவைக்க வேண்டும்.

"நாங்க சைவம், எங்களுக்கு நாடாப்புழு எப்படி வரும்?" வரும். அரைவேக்காட்டுப் பன்றிக்கறி தின்றவருக்குப் புழு குடலில் வளரும். அவர் கை கழுவாமல் பரிமாறிய தயிர்சாதத்தில் முட்டை ஒட்டியிருந்தால், சாப்பிட்டவர் மூளையில் அது கட்டியாகி வலிப்பு வரலாம்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை. ஆட்டு ஈரலை அறுக்கும்போது சில சமயம் கோலிகுண்டு அளவில் வெள்ளையாக ஒரு நீர்க்கட்டி தட்டுப்படும், கத்தி பட்டதும் தெளிந்த தண்ணீர் பீய்ச்சும். அதை அறுத்து வாசலில் நிற்கும் நாய்க்கு வீசுவார்கள். இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. அந்தக் கட்டியை மனிதர் தின்றாலும் தொற்றாது, நாய் தின்றால்தான் அதன் குடலில் புழுவாக வளர்ந்து மலத்தில் முட்டை போடும். நாயைத் தடவிய கையோடு சாப்பிட்டால் அதே கட்டி நம் ஈரலிலோ நுரையீரலிலோ வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். கழிவை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கச் சொல்லுங்கள். வீட்டு நாய்க்குக் கொடுக்கும் புழு மருந்தில் இந்தப் புழுவைக் கொல்லும் பிராசிகுவாண்டல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடியதும் கரைப்புல் தளதளவென்று நிற்கும். ஆசைப்பட்டு மாட்டை அங்கேயே கட்டிவிடுகிறோம். நத்தையிலிருந்து வெளிவரும் ஈரல் தட்டைப்புழுவின் குஞ்சுகள் தண்ணீரை ஒட்டிய புல்லில்தான் ஒட்டிக் கிடக்கும். மாடு இளைத்து, கழிந்து, தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்துக்கொண்டால் சந்தேகப்படுங்கள். மேட்டுப் புல்லில் மேய்ப்பதுதான் நல்லது. அறுவடை முடிந்த வயலில் வாத்துக்காரர்கள் வந்து இறங்கினால் விரட்டாதீர்கள், நத்தையை வாத்து பொறுக்கித் தின்றுவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஊற்றும் அல்பெண்டசோலுக்கு வளர்ந்த தட்டைப்புழு ஓரளவு சாகும், இளசுகள் தப்பிவிடும், இளஞ்சினையில் ஊற்றினால் கன்றுக்கும் ஆபத்து. கொஞ்சம் சாணியை டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போய்ப் பரிசோதித்து, என்ன புழு என்று தெரிந்துகொண்டு மருந்து கொடுங்கள்.