கோல்ஃப் பந்து வாங்கும் முன்

டிவியில் சாம்பியன்கள் அடிக்கும் அதே பந்தை வாங்கினால் நம் ஆட்டமும் தேறிவிடும் என்று தோன்றும். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஒரே காலையில் நாலு பந்து குளத்துக்குள் போனது.

விதிப்படி எந்தப் பந்தும் 45.93 கிராமுக்கு மேல் எடை இருக்கக் கூடாது, விட்டம் 42.67 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வித்தியாசமெல்லாம் உள்ளேயும் மேலுறையிலும்தான். ரப்பர் உள்கருவும் அயனோமர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறையும் கொண்ட இரண்டு அடுக்குப் பந்து குறைவாகச் சுழலும், எளிதில் கீறல் விழாது, விலையும் குறைவு. டிரைவரில், அதாவது தூரமாக அடிக்கும் நீள மட்டையில், அடித்தால் பந்து வலது பக்கம் வளைந்து ஓடுகிறதா? சுழற்சி குறைந்தால் அந்த வளைவும் கொஞ்சம் அடங்கும். ஸ்விங்கைச் சரிசெய்யும் வேலை என்னவோ நம்முடையதுதான்.

யூரிதேன் என்ற மிருதுவான பிளாஸ்டிக் உறை போட்ட மூன்று, நான்கு அடுக்குப் பந்துகள் வெட்ஜ் என்ற, பந்தை உயரத் தூக்கும் மட்டையில் அடிக்கும்போது நன்றாகச் சுழன்று, குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் விழுந்ததும் சீக்கிரம் நிற்கும். கிரீனுக்குப் பக்கத்திலிருந்து மெல்லத் தூக்கி அடிக்கும் சிப் ஷாட் ஓரளவு கைவந்த பிறகு இவற்றுக்கு மாறலாம். அதுவரை ஒரு சுற்றில் எத்தனை பந்து தொலைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் என்றால் இரண்டு அடுக்கே போதும்.

அப்புறம், சோதிப்பதை டிரைவரில் தொடங்க வேண்டாம். இரண்டு வகைப் பந்தை எடுத்துக்கொண்டு முதலில் பட்டிங் (கிரீனில் குழியை நோக்கி உருட்டுவது), பிறகு சிப்பிங் என்று பாருங்கள். பிடித்ததைச் சில மாதமாவது மாற்றாமல் ஆடுங்கள்.