மரவள்ளிக்கிழங்குல இருக்கற சயனைடை தண்ணியில இறக்கறது எப்படி? முதல் தடவை அவிக்கறவங்களுக்கு

போன தீபாவளி லீவுக்கு பினாங்கு நிபோங் தெபால்ல அத்தை வீட்டுல இருந்தோம், பக்கத்து தோட்டத்து அண்ணன் ஒருத்தர் மண்ணோட அரை சாக்கு ஊபி காயு (மலாய்ல மரவள்ளிக்கு பேரு) கொண்டாந்து வாசல்ல இறக்கிட்டு போனாரு. எங்க தம்பி பொண்டாட்டி கல்யாணமாகி வந்து ஆறு மாசம்தான், அவங்க வீட்டுல மரவள்ளி வாங்கி அவிக்கற பழக்கமே கெடையாது. தோலை சீவி, கை நீளத்துக்கு பெரிய பெரிய துண்டா குக்கர்ல அடுக்கி, அரை டம்ளர் தண்ணி ஊத்தி மூணு விசில் விட்டுட்டா. அக்கா பையனுக்கு நாலு வயசு, அவன்தான் மொதல்ல தட்டை நீட்டினான். நடுவுல கசக்குதுன்னு சொன்னான், சீனி தொட்டு சாப்புடுடான்னு சொன்னது நாங்கதான். ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி, தலை சுத்துதுங்கறான், மூச்சு வேகமா வாங்குது. கிளினிக்குக்கு தூக்கிட்டு ஓடினோம், அங்கேருந்து ஆஸ்பத்திரி, ராத்திரி பூரா பாத்துட்டு காலைல அனுப்பினாங்க. கிழங்கு காரணமா இருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு.

அதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசம் இதைப்பத்திதான் படிச்சேன். அதே கிழங்கை எங்க பாட்டி வாரத்துல மூணு நாள் அவிச்சு போட்டிருக்காங்க, யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. அப்ப வித்தியாசம் எங்க இருக்குன்னு தேடினா அது துண்டோட அளவுலயும் தண்ணியோட அளவுலயும் இருக்கு. புதுசா சமைக்க ஆரம்பிக்கறவங்களுக்கு அதை படிப்படியா சொல்லிடணும்னுதான் இதை எழுதறேன்.

மொதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்குங்க, இது புரிஞ்சா மிச்சம் எல்லாம் தன்னால புரியும். மரவள்ளிக்கிழங்குல சயனைடு அப்படியே சும்மா உக்காந்திருக்கல, லினமாரின்னு ஒரு சர்க்கரைப் பொருளோட கட்டிப்போட்ட மாதிரி இருக்கு. அதே கிழங்குலயே லினமாரேஸ்னு ஒரு என்சைமும் இருக்கு. செல்லுக்குள்ள ரெண்டும் தனித்தனி ரூம்ல இருக்கற மாதிரின்னு வெச்சுக்குங்க. பூச்சி கடிச்சாலோ நம்ம கத்தி வெட்டினாலோ சுவர் ஒடைஞ்சு ரெண்டும் ஒண்ணா கலக்கும், கலந்து கொஞ்ச நேரத்துல ஹைட்ரஜன் சயனைடு வெளிய வரும். செடிக்கு அது பாதுகாப்பு. இந்த ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரிலயே கொதிச்சு ஆவியாகிடற சரக்கு, நம்ம பினாங்கு வெயிலுக்கு சும்மா தொறந்து வெச்சாலே போயிடும். அதனால வெளிய வந்துட்ட சயனைடு நமக்கு பெரிய தலைவலி இல்ல. கட்டுக்குள்ளயே இருக்கற லினமாரின்தான் தலைவலி, ஏன்னா பெரிய துண்டை நேரா கொதிக்கவெச்சா என்சைம் சூட்டுல சீக்கிரம் செத்துடும், லினமாரின் சூட்டுக்கு அசையாது, கட்டை அவுக்க ஆள் இல்லாம அப்படியே கிழங்குக்குள்ள தங்கி நம்ம வயித்துக்கு போயிடும். குடல்ல இருக்கற பாக்டீரியா அதுல ஒரு பங்கை ஒடைச்சு சயனைடாக்கும். எங்க வீட்டு குக்கர்ல நடந்தது இதுதான்னு நான் நினைக்கறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல்ல வாங்கறது. சௌராஸ்தா மார்க்கெட்டோ, வீட்டுப் பக்கத்து பாசார் பாகியோ (காலைச் சந்தை), எங்க வாங்கினாலும் அன்னைக்கோ முந்தின நாளோ தோண்டினதா கேளுங்க. இந்த கிழங்கு மண்ணை விட்டு வந்தா ரெண்டு மூணு நாள்லயே உள்ள கெட ஆரம்பிக்கும். கடைக்காரர்கிட்ட ஒண்ணை ஒடிச்சு காட்ட சொல்லுங்க, வெட்டு வாய் வெள்ளையாவோ இளமஞ்சளாவோ சுத்தமா இருக்கணும், நீலமும் கறுப்புமா கோடு ஓடியிருந்தா வேணாம். அப்புறம் இது சாப்பிடற ரகமா, மாவு மில்லுக்கு போற ரகமான்னும் கேளுங்க, இந்த கேள்வி ரொம்ப முக்கியம். சாப்பிடற இனிப்பு ரகத்துல பச்சைக்கிழங்கு ஒரு கிலோவுக்கு 50 மி.கி.க்கு கீழதான் சயனைடு இருக்கணும்னு கோடெக்ஸ்ங்கற சர்வதேச உணவுத்தரம் சொல்லுது, கசப்பு ரகத்துல சிலது 400ஐயும் தாண்டும். வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணு போலதான் இருக்கும். யாராவது ரோட்டோரம் காடா கெடந்த செடில பிடுங்கி குடுத்தா அன்போட வாங்கி வெச்சுட்டு சமைக்காம விட்டுடுங்க.

50 மி.கி. கம்மிதானேன்னு தோணும். மனுஷ உடம்புக்கு உயிர் போற அளவு, எடைல ஒரு கிலோவுக்கு 0.5லேருந்து 3.5 மி.கி. வரைக்கும்னு கணக்கு. 15 கிலோ பிள்ளைக்கு கீழ் கணக்கு வெறும் 7.5 மி.கி., அது அந்த மாதிரி பச்சைக்கிழங்கு 150 கிராம்ல இருக்கு. பச்சையா தின்னா அத்தனையும் உடம்புல வெளிய வந்துடும்னு இல்ல, ஆனாலும் தோட்டத்துல நாங்க பச்சையாவே கடிச்சு தின்னோம்னு பெரியவங்க கதை சொல்லும்போது பிள்ளைங்க கையில மட்டும் பச்சைத்துண்டை குடுத்துடாதீங்க.

அடுத்தது தோல் உரிக்கறது. இங்கதான் நிறைய பேர் காய் சீவற கத்தியால மேலாக்க சீவிட்டு விட்டுடறாங்க. மரவள்ளிக்கு ரெண்டு தோல். மேல காகிதம் மாதிரி பழுப்புத்தோல், அதுக்கு கீழ ரோஸ் கலரோ வெள்ளையோ, தடிமனா ஒரு பட்டை. சதையைவிட சயனைடு அதிகமா இருக்கறது அந்த பட்டைலதான், அதனால அது முழுசா போகணும். சீவாதீங்க, கிழங்கை நாலு விரக்கடை நீளத்துக்கு வெட்டிக்கிட்டு, நீளவாக்குல பட்டை ஆழத்துக்கு ஒரே ஒரு கீறல் போட்டு, கத்தி முனையை உள்ள விட்டு லேசா நெம்பி, அப்புறம் கட்டைவிரலால தள்ளிக்கிட்டே சுத்தி வாங்க. புதுக்கிழங்கா இருந்தா பட்டை சுருள் சுருளா ஒரே துண்டா கழண்டு வரும், உள்ள சதை வழவழன்னு ஈரமா தெரியும். அங்கங்க ரோஸ் கலர் ஒட்டியிருந்தா கத்தியால எடுத்துடுங்க.

அடுத்து வெட்டறது, என்னைக் கேட்டா மொத்த வேலைல பாதி இதுதான். ஒவ்வொரு துண்டையும் நெடுக்க ரெண்டா பொளந்து, நடுவுல ஓடற நாரை இழுத்து போட்டுட்டு, சுண்டுவிரல் தடிமனுக்கு சின்னதா நறுக்குங்க. சின்னதா நறுக்கினா செல்லு நிறைய ஒடையும், என்சைம் வேலை செய்யும், லினமாரினும் தண்ணிக்குள்ள எறங்க வழி கெடைக்கும் (அது தண்ணில நல்லா கரையற பொருள்). நறுக்கினதை நிறைய தண்ணில போட்டு, அலசி, அந்த தண்ணியை கொட்டிட்டு, மறுபடி நல்ல தண்ணில ஒரு சில மணி நேரம் ஊறவைங்க. ஊறவெச்சாலே எல்லாம் போயிடும்னு நெனைக்காதீங்க, சில மணி நேரத்துல கொஞ்சம்தான் எறங்கும், மூணு நாள் ஊறி புளிச்சாதான் பெரும்பங்கு போகும், ஆப்பிரிக்காவுல அப்படித்தான் செய்றாங்க.

இப்ப அவிக்கறது. பெரிய சட்டி எடுங்க, கிழங்கு ஒரு பங்குன்னா தண்ணி அஞ்சு பங்கு. தண்ணி பச்சையா இருக்கும்போதே கிழங்கை போட்டு அடுப்பை மூட்டுங்க, கொதிக்கற தண்ணில போட்டா என்சைம் உடனே செத்துடும். மூடி போடாதீங்க, ஜன்னலை தொறந்து வைங்க. நல்லா கொதிச்சு ஒரு பத்து நிமிஷம் ஆனதும் அந்த தண்ணியை பூரா வடிச்சு கொட்டிட்டு, புதுத்தண்ணி ஊத்தி உப்பு போட்டு, விரல்ல நசுக்கினா மாவா மசியற வரைக்கும் அவிங்க. அந்த ரெண்டாவது தண்ணியும் சிங்க்குக்குதான் போகணும், குழம்புக்கு ஊத்திடாதீங்க, எங்க வீட்டுலயே முன்னாடி ஊத்தியிருக்கோம். 1978ல வந்த ஒரு ஆராய்ச்சில 25 நிமிஷம் கொதிக்கவெச்சப்ப வெளிய வந்திருந்த சயனைடு சீக்கிரமே காணாம போச்சு, ஆனா கட்டுக்குள்ள இருந்ததுல ஏறக்குறைய பாதி அப்படியே தங்கிடுச்சுன்னு அளந்து பாத்திருக்காங்க. அதனாலதான் ஒரே கொதியை நம்பாம சின்னத்துண்டு, நிறைய தண்ணி, ரெண்டு தடவை வடிக்கறதுன்னு மூணையும் சேத்து பண்ண சொல்றேன். எங்க பாட்டி மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல அரிசிக்கு பதிலா இதையே தின்னு வளந்தவங்க, மொதல் தண்ணியை கொட்டாம அடுப்பை விட்டு நகரமாட்டாங்க.

வெந்ததும் ஒரு துண்டை நாக்குல வெச்சு பாருங்க. கசந்தா மொத்தத்தையும் கொட்டிடுங்க, சீனியோ சம்பலோ வெச்சு கசப்பை மறைக்காதீங்க. ஆனா கசக்கலன்னா சயனைடே இல்லன்னும் முடிவு கட்டாதீங்க. வாசனையையும் நம்ப முடியாது, கசப்பு பாதாம் வாசனைன்னு சொல்வாங்க, அந்த வாசனையை மோந்து பிடிக்கவே முடியாத ஆளுங்க நிறைய பேர், அது பொறவியிலேயே அப்படி.

பிங்கா ஊபி (மரவள்ளி கேக்) செய்றவங்களுக்கு தனியா ஒண்ணு. துருவினா என்சைமுக்கு கொண்டாட்டம், அவிக்கறதைவிட இது நல்ல வழி, ஆனா துருவின உடனே தேங்காப்பால் ஊத்தி ஓவன்ல வெச்சுடாதீங்க. ஒரு மணி நேரமாவது பரப்பி வெச்சுட்டு, தண்ணி விட்டு பிசைஞ்சு துணில கட்டி இறுக்கி பிழிங்க. பிழிஞ்ச தண்ணியை ஆட்டாம வெச்சா அடில வெள்ளையா மாவு தங்கும். மேல் தண்ணியை சாச்சு கொட்டிட்டு அந்த மாவை மட்டும் திருப்பி துருவல்ல சேத்துக்கலாம், பிங்காவுக்கு அந்த மெத்துமெத்துன்னு வர்ற பதமும் கெட்டுப்போகாது. ஜவ்வரிசியும் இப்படி கழுவி எடுத்த மாவுதான், பாயாசத்துக்கு பயப்பட வேணாம். கெரெப்பேக் (சிப்ஸ்) கதை வேற, எண்ணெய்ல பொரிச்சா லினமாரின் எறங்க தண்ணியே இல்ல. 2008ல ஆஸ்திரேலியாவுல மரவள்ளி சிப்ஸ்ல சயனைடு அதிகமா இருக்குன்னு கண்டுபிடிச்சு, அப்புறம் கிலோவுக்கு 10 மி.கி.ன்னு வரம்பு போட்டாங்க. வீட்டுல பொரிக்கறதா இருந்தா இனிப்பு ரகத்தை மெல்லிசா சீவி, ரெண்டு மூணு தண்ணில அலசி, ஒரு கொதி விட்டு வடிச்சுட்டு பொரிங்க. பூச்சோக் ஊபி (மரவள்ளிக் கொழுந்து இலை) வாங்கினா, இலைல கிழங்கைவிட சயனைடு அதிகம், உரல்ல நல்லா இடிச்சு, கொஞ்ச நேரம் பரப்பி வெச்சு, அலசி, அவிச்சு, தண்ணியை வடிச்சுட்டுதான் லெமாக் (தேங்காப்பால் குழம்பு) வைக்கணும்.

இதெல்லாம் அதிகப்படின்னு தோணலாம். 1981ல மொசாம்பிக்ல நம்புலா மாகாணத்துல பஞ்சம் வந்தப்ப, கசப்பு மரவள்ளியை நாள்கணக்கா பதப்படுத்தற வேலையை பசியில குறைச்சுட்டாங்க, கூட தின்ன மீனோ பருப்போ இல்ல. ஆயிரம் பேருக்கு மேல, அதுல பெரும்பாலும் பொம்பளைங்களும் பிள்ளைங்களும், ஒரு நாள்ல ரெண்டு காலும் விறைச்சு நடக்க முடியாம போயிட்டாங்க. கொன்சோன்னு பேரு, காங்கோ பக்கத்து யாக்கா மொழில காலை கட்டிப்போட்டதுன்னு அர்த்தம், வந்தா திரும்பி சரியாகாது. நம்ம உடம்பு சயனைடை தயோசயனேட்டா மாத்தி மூத்திரத்துல தள்ளிடும், ஆனா அதுக்கு கந்தகம் வேணும், அது மீன், முட்டை, பருப்புலேருந்து வரணும். அதனால அவிச்ச ஊபியோட நெத்திலி சம்பல் வெச்சு சாப்பிடறது நல்ல ஜோடி, வெறுங்கிழங்கே மூணு வேளையும் ஓடறதுதான் ஆபத்து. தயோசயனேட் அதிகமானா தைராய்டுக்கு போற அயோடினையும் தடுக்கும், ஏற்கனவே தைராய்டு பிரச்சனை இருக்கறவங்க தினமும் இதையே சாப்பிடறதுன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

கடைசியா, சாப்ட்ட சில மணி நேரத்துல வாந்தி, தலைசுத்தல், தலைவலி, மூச்சு வேகமா வாங்கறது, தூக்கக்கலக்கம் மாதிரி தெரிஞ்சா மோர் குடு, எலுமிச்சம்பழம் குடுன்னு வீட்டுல நேரத்தை கழிக்காதீங்க, வாந்தி எடுக்கவைக்கவும் முயற்சி பண்ணாதீங்க. 999க்கு அடிங்க, இல்ல பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க. சயனைடுக்கு மாத்து மருந்து இருக்கு, அதுல ஒண்ணு ஹைட்ராக்ஸோகோபாலமின், வைட்டமின் பி12 வகைதான். நம்ம பினாங்குலயே யூஎஸ்எம் பல்கலைக்கழகத்துல தேசிய விஷ மையம் இருக்கு, டாக்டர்கள் சந்தேகம் வந்தா அங்க கேப்பாங்க. போகும்போது மிச்சமிருக்கற கிழங்கையும் தோலையும் தூக்கி போடாம ஒரு பைல போட்டு கையோட எடுத்துட்டு போங்க, பிள்ளை என்ன தின்னான், எவ்வளவு தின்னான்னு டாக்டர் கேப்பாரு. அன்னைக்கு எங்ககிட்ட காட்ட ஒண்ணுமே இல்ல, அவன் வாந்தி எடுக்கறதுக்கு முன்னாடியே குக்கரை கழுவி கவுத்திட்டோம்.