ப்ரொப்பல்லரை ஒப்பிடும்போது த்ரோட்டிலைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள்

எலெக்ட்ரிக் ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கும் மாடல்) விமானத்தில் ப்ரொப்பல்லரை மாற்றி மாற்றிப் போட்டு, ஃபுல் த்ரோட்டிலில் எது அதிகம் இழுக்கிறது என்று மட்டும் பார்த்தால் அது ஒப்பீடே ஆகாது, ஏனென்றால் விட்டம் பெரிய ப்ரொப் கூடுதல் கரண்டை உறிஞ்சித்தான் அந்த இழுவையைத் தருகிறது. பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) நடுவே ஒரு வாட் மீட்டரை இணையுங்கள். இரண்டு ப்ரொப்பையும் ஒரே வாட்டில், உதாரணமாக 150 வாட்டில் நிறுத்தி, இழுவையை அளக்க விமானத்தோடு இணைத்த தராசு எத்தனை கிராம் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபுல் த்ரோட்டில் ஆம்பியரையும் முழு சார்ஜில் சில விநாடிகள் மட்டும் பாருங்கள், அது இ.எஸ்.சி., மோட்டார் இரண்டின் வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும்.

அப்புறம் முக்கியமான விஷயம்: தரையில் ஜெயிக்கும் ப்ரொப் வானத்திலும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. பிட்ச் என்பது ப்ரொப் ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம். நிமிடச் சுற்றை அங்குலப் பிட்ச்சால் பெருக்கி, அதை 0.0015 ஆல் பெருக்கினால் பிட்ச் வேகம், அதாவது ப்ரொப் கணக்குப்படி முன்னேறும் வேகம், மணிக்கு கி.மீ.யில் கிடைக்கும். 8,000 சுற்று, 5 அங்குலம் என்றால் மணிக்கு சுமார் 60 கி.மீ. விமானம் அந்த வேகத்தை நெருங்க நெருங்க இழுவை கரைந்துவிடும், அதனால் வேகமான மாடலுக்குத் தராசில் கொஞ்சம் தோற்றாலும் பிட்ச் கூடியதையே எடுப்பேன். சோதிக்கும்போது விமானத்தை நன்றாகக் கட்டிவிடுங்கள், ப்ரொப் சுழலும் வட்டத்துக்கு நேர் பக்கவாட்டில் நிற்கவே கூடாது.